இரண்டு விசில்

ஏழாம் எபிசோடுக்கு ஒரு பஸ் வேண்டியிருந்தது.
பஸ் கூட இல்லை, அதன் சத்தம்.
மாதச் சந்தா கட்டிய ஒலிக்கிடங்கில்
'பஸ்' என்று தட்டினேன்.
இருநூற்றுப் பதினான்கு பஸ்கள் வந்து நின்றன.
எல்லாவற்றுக்கும் கதவு இருந்தது,
உஸ்ஸென்று திறந்து
உஸ்ஸென்று மூடுகிற கதவு.
"எந்த ஊரு பஸ்ஸுடி இது, இவ்வளவு மரியாதையா நிக்குது"
என்றாள் ஜெஸிந்தா,
ஹெட்போனில் ஒரு காதை எனக்குக் கொடுத்து.

'விசில்' என்று தட்டினால்
கால்பந்து நடுவர், கப்பல், குக்கர்,
நாயைக் கூப்பிடுகிற யாரோ ஒருவர்.
கண்டக்டர் இல்லை.
ஒன்று அடித்தால் நிற்க, இரண்டு அடித்தால் கிளம்ப,
இந்த வழக்கம் அந்தக் கிடங்குக்கு எட்டவில்லை.

சோகம் என்கிற பிரிவில்
பியானோ மட்டும் ஆயிரத்துச் சொச்சம்.
ஒன்றை வாங்கி வீரணன் குரலுக்கு அடியில் ஓடவிட்டோம்.
கண்ணாடி ஜன்னலோரம் காப்பிக் கோப்பையோடு
அவரை உட்காரவைத்த மாதிரி ஆகிவிட்டது.
அவர் விளாங்குடியில் பஞ்சர் ஒட்டுகிறவர்.
தம்பி பதினோரு வருஷம் முன்னால்
ராத்திரி திருப்பூர் பஸ் ஏறியவன்,
இன்னும் இறங்கவில்லை.

வீணை ஒன்று பொருந்துகிற மாதிரி இருந்தது.
உரிமத்தைப் படித்தோம்:
பாட்காஸ்டுக்கு ஒரு விலை, விளம்பரம் வந்தால் வேறு விலை,
கலைஞர் பெயர் சொல்ல வேண்டும்,
சொல்லாவிட்டால் அதற்கும் விலை.
சிம்மக்கல் மாடியறையில்
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி
வரிவரியாகப் பொறுக்கினோம்.
விடிந்துவிட்டது.

சனிக்கிழமை ரெக்கார்டரோடு
ஆரப்பாளையம் ஸ்டாண்டுக்கே போய்விட்டோம்.
விசில் கிடைத்தது.
எச்சிலில் நனைந்த பட்டாணி உருளும் நல்ல விசில்.
அதற்குப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு.
தள்ளி நின்றோம், டீக்கடையில் வேறு பாட்டு.
கட்டணக் கழிப்பறை வாசலில் சில்லறை வாங்குகிறவர் போனில்
அதே பாட்டு, ஒரு சரணம் பின்தங்கி.
அதிகாலை மூன்றரைக்கும் போய்ப் பார்த்தோம்.
டிரைவர் கண் அசராமல் இருக்க
சத்தமாக வைத்திருந்தார்.
பாட்டில்லாத மதுரை
முப்பது நொடிக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு துண்டைச் சும்மா ஏற்றிப் பார்த்தோம்.
பத்து நிமிஷத்தில் நோட்டீஸ்:
நான்காம் நொடி முதல் பதினொன்றாம் நொடி வரை
இன்ன கம்பெனிக்குப் பாத்தியதை.
"நம்ம காதுக்கே சரியாக் கேக்கல, அவனுக்குக் கேக்குது பாரு,"
ஜெஸிந்தா சிரித்தாள்.
எனக்கு வேறொன்று ஓடியது.
தம்பி ஏறிய பஸ்ஸிலும் ஏதோ பாட்டு ஓடியிருக்கும்தானே.
எது என்று
வீரணன் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

கடைசியில் அவருடைய பேட்டியையே
மறுபடி ஓட்டினோம், முடிந்த இடத்துக்கு அப்பால்.
பேசி முடித்ததும் ஒரு நிமிஷம்
எல்லோரும் சும்மா இருக்கச் சொல்வோம்.
அந்த அறையின் வெறும் சத்தம், வெட்டிய இடம் தெரியாமல்
ஒட்டுவதற்கு. அவருக்குச் சொன்னதும் புரிந்தது.
"பேட்ச் போடுறதுக்கு" என்றார்.

மின்விசிறி.
பிரிட்ஜ்.
ஒரு பல்லி.
இருபத்தாறாம் நொடியில், மெயின் ரோட்டில்,
ஒரு விசில்.
பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிடுகிறது, அவர் எழுந்துவிட்டார்.
பன்னிரண்டு நொடி.
இரண்டு விசில்.
நாற்காலி மறுபடி கிறீச்சிடுகிறது.
பாட்டு இல்லை.

அன்று நாங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தோம்,
ஒலி அளவு சிவப்பைத் தொடுகிறதா என்று
பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

ஒப்புதல் படிவத்தோடு விளாங்குடிக்குப் போனோம்.
"அதுல நான் ஒண்ணும் பேசலையே,
அதுக்கு எதுக்குக் கையெழுத்து?"
கேட்டுக்கொண்டே விரலைத் துணியில் துடைத்துப் போட்டார்.
தேதிக்கு மேல், கேட்காத இடத்தில்,
பாதிப் பெருவிரல் கறுப்பாக விழுந்துவிட்டது.

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடியபடி,
எங்களைப் பார்க்காமல்,
"அந்தச் சேர் சத்தத்த மட்டும் எடுத்துருவீங்கள்ல?"
என்றார்.

ஜெஸிந்தா என்னைப் பார்த்தாள்.
நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.